பாடம் தெரியும், பேச வருமா? ஆசிரியரின் நம்பிக்கையை அளப்பது எப்படி

எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கத்துக்கும் இனப்பெருக்க நலனுக்கும் தனித்தனிப் பாடங்களே உண்டு. புத்தகத்தில் இருப்பதாலேயே அது வகுப்பிலும் நடந்துவிடும் என்று நம்மில் யாரும் நினைப்பதில்லை. "இதை வீட்டுல படிச்சுக்கோங்க, முக்கியமான கேள்விய மட்டும் குறிச்சுக்கோங்க" என்று சொல்லிப் பக்கங்கள் வேகமாகப் புரட்டப்பட்டதைப் பள்ளி முடித்த பலரும் பார்த்திருப்போம். நடத்தியவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. விலங்கியலில் முதுகலை முடித்தவருக்குக் கருப்பையின் படம் வரையத் தெரியாதா? அவரைத் தடுத்தது வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோவைக் கேள்வித்தாள் வைத்து அளப்பதற்குக் கல்வி உளவியலில் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. மாதவிடாய், எச்.ஐ.வி., கருத்தடை, போதைப்பொருள், பாலியல் தொல்லை, தற்கொலை எண்ணம் என்று பேசக் கூச்சமோ பயமோ வருகிற சுகாதாரத் தலைப்புகளில் இந்த அளவீடு அதிகம் பயன்படுகிறது. எம்.எட். ஆய்வேட்டுக்கு இதைத் தலைப்பாக எடுப்பவர்களும் உண்டு. அப்படி எடுப்பவர்களுக்கும், செய்தித்தாளில் 'ஆசிரியர்களில் இத்தனை சதவீதம் பேர் பாலியல் கல்விக்கு ஆதரவு' என்று படித்துவிட்டு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று யோசிப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

ஒரே சொல்லுக்குள் நான்கு விஷயங்கள்

'நம்பிக்கை' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அளக்க உட்கார்ந்தால் அது பிரிந்துவிடும். கீழே உள்ள நான்கு கூற்றுகளைப் பாருங்கள்.

"கொசு கடித்தால் எச்.ஐ.வி. பரவும்."
"பள்ளியில் எச்.ஐ.வி. பற்றிக் கற்பிப்பது அவசியம்."
"எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது என்பதை என் வகுப்பில் தயங்காமல் விளக்க என்னால் முடியும்."
"ஆசிரியர் நன்றாக விளக்கினால் மாணவர்களிடம் உள்ள தவறான எண்ணங்கள் குறையும்."

முதலாவதற்குச் சரி, தவறு உண்டு. அது அறிவைச் சோதிக்கிறது. இரண்டாவது மனப்பான்மை. மூன்றாவது தன் திறமையின் மேல் உள்ள நம்பிக்கை. நான்காவது, கற்பித்தலால் பலன் உண்டா என்ற எதிர்பார்ப்பு. நான்கையும் கலந்து ஒரே வினாப்பட்டியலில் போட்டு, கூட்டி, 'ஆசிரியர்களின் நம்பிக்கை அளவு' என்று ஓர் எண்ணைத் தருகிற ஆய்வுகள் ஏராளம். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கடைசி இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர். 1977இல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கே அடித்தளம். ஒரு செயலைச் செய்ய என்னால் முடியும் என்று நம்புவது தன்திறன் நம்பிக்கை. அதைச் செய்தால் நினைத்த பலன் கிடைக்கும் என்று நம்புவது விளைவு எதிர்பார்ப்பு. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றில்லை. "நான் அழகா எடுத்துச் சொல்லிடுவேன், ஆனா இந்தப் பசங்க செல்போன்ல பாக்கறதுக்கு முன்னாடி என் பேச்சு எடுபடவா போகுது" என்பவரும் இருக்கிறார். "சொன்னா கண்டிப்பா பலன் இருக்கும், எனக்குத்தான் வாய் வரல" என்பவரும் இருக்கிறார்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தன்திறனுக்கு ஐந்து கூற்று, விளைவுக்கு ஐந்து கூற்று. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். முதல் ஆசிரியருக்குத் தன்திறனில் 22, விளைவில் 12. இரண்டாமவருக்குத் தன்திறனில் 12, விளைவில் 22. கூட்டினால் இருவருக்கும் 34. ஆனால் முதலாமவருக்குத் தேவை, இத்தகைய கல்வியால் பலன் உண்டு என்பதற்கான ஆதாரம். இரண்டாமவருக்குத் தேவை பேசிப் பழகும் பயிற்சி. மொத்த எண்ணை மட்டும் பார்த்து இருவரையும் ஒரே பயிற்சி முகாமுக்கு அனுப்பினால் இரண்டு பேருக்கும் நாள் வீண்.

இரண்டு கேள்வியில் தொடங்கிய கதை

ஆசிரியர்களிடம் இதை முதலில் அளந்தது பண்டூராவின் கட்டுரைக்கும் முன்பே நடந்துவிட்டது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 1976இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளின் வாசிப்புத் திட்டத்தை ஆராய்ந்தபோது இரண்டே இரண்டு கூற்றுகளைச் சேர்த்தது. மாணவரின் படிப்பு பெரும்பாலும் வீட்டுச் சூழலைப் பொறுத்தது, ஆசிரியரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பது ஒன்று. நான் முயன்றால் மிகக் கடினமான மாணவரிடமும் என்னால் பலன் காண முடியும் என்பது மற்றொன்று. ஒன்று ஆசிரியர்களைப் பற்றிப் பொதுவாகக் கேட்கிறது, இன்னொன்று 'என்னை'ப் பற்றிக் கேட்கிறது. பின்னால் வந்த கிப்சன், டெம்போ இருவரும் 1984இல் இதை 30 கூற்றுகள் கொண்ட அளவுகோலாக விரித்தார்கள்.

1990இல் ரிக்ஸ், ஈனக்ஸ் என்ற இருவர் செய்தது நம் தலைப்புக்கு நெருக்கமானது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரே எல்லாப் பாடத்தையும் நடத்துகிறார். மொழிப்பாடத்தில் துணிச்சலாக இருப்பவர் அறிவியலில் பதுங்குகிறார். அப்படியானால் 'நீங்கள் நல்ல ஆசிரியரா' என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை, அறிவியலைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்று 25 கூற்றுகளில் ஓர் அளவுகோல் செய்தார்கள். தன்திறனுக்கு ஒரு பகுதி, விளைவுக்கு ஒரு பகுதி. அந்த அச்சை எடுத்து, 'அறிவியல்' என்ற இடத்தில் வேறு பாடத்தின் பெயரைப் போட்டுப் பல அளவுகோல்கள் வந்தன. சுகாதாரத் தலைப்புகளுக்கும் அந்த வழியைப் பின்பற்றுகிறார்கள்.

இதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. அறிவியல் நடத்தத் தயங்கும் ஆசிரியருக்குப் பாடப்பொருள் பிடிபடவில்லை, சோதனை செய்து காட்ட வரவில்லை. மாதவிடாய் பற்றிப் பேசத் தயங்குபவருக்குப் பாடப்பொருள் பிரச்சினையே இல்லை. பின் பெஞ்சில் எழும் சிரிப்பு, மறுநாள் பள்ளி வாசலில் வந்து நிற்கக்கூடிய அப்பா, ஓய்வறையில் சக ஆசிரியர் வீசப்போகும் கிண்டல், ஹெச்.எம். பக்கம் நிற்பாரா என்ற சந்தேகம் என்று தடைகள் வேறு வகை. பாடத்தின் பெயரை மட்டும் மாற்றிய கூற்று இவற்றில் எதையும் தொடாது.

கஷ்டத்தைப் படிப்படியாக ஏற்றுவது

நீந்தத் தெரியுமா என்று கேட்டால் கிணற்றில் நீந்தியவர், ஆற்று வெள்ளத்தில் நீந்தியவர் எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். எங்கே, எந்தத் தண்ணீரில் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஆள் பதில் பிரியும். பண்டூரா 2006இல் தன்திறன் அளவுகோல் தயாரிப்பவர்களுக்காக எழுதிய வழிகாட்டியில் இதை வலியுறுத்துகிறார்: தடையே இல்லாத செயலைக் கேட்டால் எல்லோரும் திறமைசாலிகளாகத்தான் தெரிவார்கள், ஆகவே கூற்றுகளில் சவாலின் அளவு ஏறிக்கொண்டே போக வேண்டும்.

மாதவிடாய் என்ற ஒரே தலைப்பில் அப்படி ஏற்றிப் பார்க்கலாம்.

"மாணவிகள் மட்டும் உள்ள வகுப்பில் மாதவிடாய் ஏன் வருகிறது என்று விளக்க என்னால் முடியும்."
"மாணவர், மாணவியர் சேர்ந்திருக்கும் வகுப்பில் அதையே விளக்க என்னால் முடியும்."
"வகுப்பில் சிரிப்பு எழுந்தாலும் விளக்கத்தை நிறுத்தாமல் தொடர என்னால் முடியும்."
"நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி வந்தால், கேட்டவரை அவமானப்படுத்தாமல் பதில் சொல்ல என்னால் முடியும்."
"இதை ஏன் கற்பித்தீர்கள் என்று பெற்றோர் வந்து கேட்டால் நிதானமாக எடுத்துச் சொல்ல என்னால் முடியும்."

முதல் கூற்றுக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் ஐந்து போடலாம். ஆண் ஆசிரியருக்கு முதல் கூற்றே மலையாகவும் இருக்கலாம். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிவதுதான் லாபம். எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தால் அந்த அளவுகோல் எதையும் அளக்கவில்லை. உச்சியில் முட்டி நின்றுவிட்டது. 'பள்ளியில் சுகாதாரக் கல்வி அவசியம்' என்ற கூற்றுக்கு நடப்பது பெரும்பாலும் அதுதான். அவசியமில்லை என்று எழுத எந்த ஆசிரியருக்குக் கை வரும்?

பண்டூராவின் இன்னொரு கண்டிப்பு: 'முடியும்' என்று கேளுங்கள், 'செய்வேன்' என்று கேட்காதீர்கள். செய்வேன் என்பது எண்ணம். என்னால் முடியும், ஆனால் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு நெருக்கடியில் செய்ய மாட்டேன் என்று ஒருவர் நினைக்கலாம். இரண்டையும் அளக்க ஆசைப்பட்டால் தனித்தனிப் பகுதியாக வையுங்கள்.

ஊர் என்ன சொல்லும்

ஆசிரியர் தனியாள் இல்லை என்பதை அளவுகோல் மறக்கக் கூடாது. மனிதர்கள் ஒரு செயலைச் செய்ய நினைப்பதற்குப் பின்னால், அதன் மேல் அவர்களுக்குள்ள மனப்பான்மை, முக்கியமானவர்கள் அதை ஏற்பார்களா என்ற கணிப்பு, தன் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்ற உணர்வு ஆகிய மூன்றும் இருப்பதாக உளவியலாளர் ஐசக் ஐசன் 1991இல் விளக்கினார். நடுவில் உள்ள கணிப்பை நம் ஊர் மொழியில் சொன்னால் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்'.

இந்தியாவில் இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. மத்திய அரசு 2005இல் தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பி, 2007இல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் அதை நிறுத்தி வைத்தன. அரசே பின்வாங்கியதைப் பார்த்த ஆசிரியர், "நாளைக்குப் பிரச்சினை வந்தால் யார் எனக்குத் துணை" என்று கேட்பது நியாயம்தான். 2020இல் ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் வந்த பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைச் சுகாதாரத் தூதுவர்களாகத் தேர்ந்து பயிற்சி தரச் சொல்கிறது. 11 தலைப்புகளில் பாடம். அந்த இருவரிடம் தன்திறன் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். "என் தலைமையாசிரியர் இதை ஆதரிப்பார்", "என் பள்ளிப் பெற்றோர் பெரும்பாலும் இதை ஏற்பார்கள்" போன்ற கூற்றுகளும் வேண்டும்.

விளைவு எதிர்பார்ப்பிலும் இந்தத் தலைப்புகளுக்கே உரிய ஒரு வளைவு உண்டு. கணக்குப் பாடத்தில் மிஞ்சிப்போனால் 'பலன் இருக்காது' என்று நினைக்கலாம். இங்கே 'கெடுதல் வரும்' என்றும் நினைக்கிறார்கள். பாலியல் கல்வி கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற அச்சங்கள் பரவலானவை. யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி தொகுத்த ஆய்வுகளின்படி முழுமையான பாலியல் கல்வி பாலுறவை அதிகப்படுத்துவதில்லை. தற்கொலை பற்றிக் கேட்பது அதைத் தூண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் கட்டுக்கதை என்றே சொல்கிறது. அச்சம் தவறாக இருந்தாலும் ஆசிரியரின் நடத்தையை அதுதான் நடத்துகிறது. ஆகவே 'கெடுதல் வரும்' என்பதற்குத் தனிக் கூற்று எழுதாத அளவுகோல், இந்தத் தலைப்பில் பெரிய ஓட்டையோடு நிற்கிறது.

கூற்று எழுதும்போது

'முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரையான ஐந்து கட்டங்கள் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொடுத்தவை. பார்க்க எளிது, அதனால் அலட்சியமும் எளிது. "மாதவிடாய், கருத்தடை ஆகியவற்றைக் கற்பிக்க என்னால் முடியும்" என்று எழுதினால், முன்னது முடியும் பின்னது முடியாது என்பவர் எங்கே டிக் அடிப்பார்? ஒரு கூற்றில் ஒரு விஷயம்தான்.

யோசிக்காமல் ஒரே கட்டத்தில் டிக் அடித்துப் போவதைப் பிடிக்க எதிர்மறைக் கூற்றுகளைக் கலப்பது வழக்கம். கூட்டும்போது அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், 5 என்பது 1 ஆகும். இதிலும் அளவு வேண்டும். "தயங்காமல் பேச முடியாது என்று நான் நினைப்பதில்லை" என்ற வகைக் கூற்றைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். "இந்தத் தலைப்பைப் பேசும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று நேராக எழுதினாலே எதிர்மறை கிடைத்துவிடுகிறது.

நடுவில் உள்ள 3 வேறு தலைவலி. பாதி முடியும் பாதி முடியாது, யோசித்ததே இல்லை, சொல்ல விருப்பமில்லை என்ற மூன்றும் அந்த ஒரே கட்டத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூச்சமான தலைப்புகளில் மூன்றாவது வகை கூடும். இதற்கு நான் நம்புவது ஒரே வழியை: பட்டியலை அச்சடிப்பதற்கு முன் சில ஆசிரியர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் உரக்கப் படிக்கச் சொல்லி, மனதில் ஓடுவதைச் சொல்லச் சொல்வது. நிபுணர் குழு பார்த்துச் சரி என்ற கூற்றுகூட இங்கே வழுக்கி விழும்.

எண் வந்த பிறகு

ஆய்வேடுகளில் 'ஆல்ஃபா 0.84' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். லீ க்ரான்பாக் 1951இல் கொடுத்த இந்த எண், கூற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றனவா என்று சொல்கிறது. ஒன்றுக்கு உயர்வாகப் பதில் சொன்னவர் மற்றவற்றுக்கும் உயர்வாகச் சொன்னால் ஆல்ஃபா 1ஐ நெருங்கும். 0.7ஐத் தாண்டினால் போதும் என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரே கூற்றைச் சொல் மாற்றி ஆறு தடவை கேட்டாலும் ஆல்ஃபா உயரும். கூற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் உயரும். இது நம்பகத்தன்மையின் ஒரு பக்கம் மட்டுமே. அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்ற ஏற்புடைமையைப் பற்றி ஆல்ஃபா வாய் திறக்காது.

தன்திறனும் விளைவும் உண்மையிலேயே தனித்தனிக் கொத்துகளாகப் பிரிகின்றனவா என்று பார்க்கக் காரணிப் பகுப்பாய்வு இருக்கிறது. கூற்று ஒன்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேராவது பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 30 கூற்றை 40 ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுக் காரணிப் பகுப்பாய்வு செய்வது மென்பொருளுக்கு வேலை கொடுப்பது மட்டும்தான்.

கடைசிச் சோதனை வகுப்பறையில். மதிப்பெண் உயர்ந்தவர் உண்மையில் பாடத்தை நடத்துகிறாரா? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இதைப் பார்த்தார்கள். அங்கே எச்.ஐ.வி. பரவலால் பள்ளிப் பாடம் உயிர்ப் பிரச்சினை. நகரின் 193 அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் எய்ட்ஸ் கல்விக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கு அஞ்சலில் வினாப்பட்டியல் அனுப்பி, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். தன்திறன் நம்பிக்கை, முன்பு பெற்ற பயிற்சி, இது தன் பொறுப்பு என்ற எண்ணம், பலன் மேல் உள்ள நம்பிக்கை ஆகியவை பாடம் நடத்தியதோடு தொடர்பு கொண்டிருந்தன. பள்ளிக்கென்று எச்.ஐ.வி. கொள்கை இருந்ததும், பள்ளிக்கும் ஊருக்கும் நல்லுறவு இருந்ததும் அப்படியே. ஆசிரியரின் மனம் மட்டும் போதாது என்று மேலே சொன்னது இங்கே எண்ணில் தெரிகிறது. ஆனால் பதில் அனுப்பியவர்கள் 56 சதவீதம்தான். தயக்கம் அதிகம் உள்ளவர்களே அனுப்பாமல் விட்டிருக்கலாம். தவிர, நம்பிக்கை இருந்ததால் நடத்தினார்களா, நடத்தி நடத்தித் துணிச்சல் வந்ததா என்பதை ஒரே தடவை கேட்கும் ஆய்வு பிரித்துச் சொல்லாது. செய்து பார்த்து வெற்றி கண்ட அனுபவமே தன்திறனுக்கு மிக வலுவான ஊற்று என்று பண்டூராவே சொன்னதால், இரண்டாவதற்கும் வாய்ப்பு நிறைய.

கேள்வித்தாளை யார் கொடுக்கிறார்கள் என்பதும் விடையை மாற்றும். தலைமையாசிரியர் மேசையில் வாங்கி அங்கேயே நிரப்பித் தரும் தாளில், கூச்சப்படுகிறேன் என்று யாரும் எழுதப்போவதில்லை. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வரும் கூகுள் ஃபார்ம் மின்னஞ்சல் முகவரியையும் கேட்டால் கதை முடிந்தது. நல்ல பெயர் வாங்கும் பதிலைச் சொல்லும் இந்த இயல்பை அளக்கவே க்ரவுன், மார்லோ இருவரும் 1960இல் 33 கூற்றுகளில் ஒரு தனி அளவுகோல் செய்திருக்கிறார்கள். பெயர், பள்ளி, பணி எண் எதுவும் கேட்காமல் மூடிய உறையில் வாங்குவது அதைவிடச் சுலபம்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. மூன்று நாள் நல்ல பயிற்சி நடந்த பிறகு மதிப்பெண் ஏறாமல் நிற்கும், சில நேரம் இறங்கும். பயிற்சி தோற்றுவிட்டதாக அறிக்கை எழுதக் கிளம்பிவிடாதீர்கள். முதல் நாள் "எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல என்னால் முடியும்" என்பதற்கு 5 போட்டவர், பிள்ளைகள் உண்மையில் என்னென்ன கேட்கிறார்கள் என்று இப்போதுதான் பார்த்திருக்கிறார். அவருடைய அளவுகோலே நகர்ந்துவிட்டது. ஜார்ஜ் ஹோவர்ட் 1979இல் இதை ஆராய்ந்து ஒரு வழி சொன்னார்: பயிற்சி முடிந்த பிறகு, "இப்போது எவ்வளவு முடியும்" என்பதோடு "பயிற்சிக்கு முன் உண்மையில் எவ்வளவு முடிந்தது என்று இப்போது நினைக்கிறீர்கள்" என்றும் கேட்பது. முன்கூட்டிக் கேட்டதையும் தூக்கிப் போட வேண்டாம், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆய்வு முடிந்ததும் 'எந்த ஆசிரியர் எவ்வளவு என்று பட்டியல் கொடுங்கள்' என்று யாராவது கேட்கக்கூடும். கொடுக்கக் கூடாது என்பதற்கு ரகசியம் காப்பதாகச் சொன்ன வாக்கு ஒன்றே போதும். அளவியல் காரணமும் இருக்கிறது. ஆல்ஃபா 0.7 இருந்தால் போதும் என்பது குழுவைப் பற்றிய தொடக்கநிலை ஆய்வுக்குத்தான். தனி ஒருவரைப் பற்றி முடிவெடுப்பதென்றால் குறைந்தது 0.9 வேண்டும் என்றார் உளவியலாளர் ஜும் நன்னலி, 1978இல். சுகாதாரத் தூதுவராக எந்த ஆசிரியரைப் போடலாம் என்று இந்தப் பட்டியலை வைத்து முடிவெடுக்க முடியாது. எந்தக் கூற்றில் மாவட்டமே சறுக்குகிறது என்று பார்க்க முடியும். பெற்றோரை எதிர்கொள்ளும் கூற்றில் எல்லோருக்கும் 2 என்றால் அடுத்த பயிற்சியில் கருப்பைப் படத்தைக் குறைத்துக்கொண்டு, பெற்றோர் வந்து நிற்கும் காட்சியை நடித்துப் பழக நேரம் ஒதுக்கலாம்.